ஜார்ஜ் டவுனில் நான்கு நாட்கள்: குறைந்த செலவில் பினாங்கைப் பார்க்கவும் சுவைக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுன், சிக்கனமாகப் பயணம் செய்வோருக்காகவே அமைந்ததுபோன்ற நகரம். யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுரிமைத் தலமாக அறிவித்த அதன் பழைய மையப்பகுதி ஏறக்குறைய 109 ஹெக்டேர்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சீனக் குல மன்றம், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள் என யாவும் இந்தச் சிறிய பரப்புக்குள் அடங்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஊரின் மிகச் சிறந்த உணவு விலை உயர்ந்த உணவகங்களில் கிடைப்பதில்லை. ஒரே ஒரு பதார்த்தத்தை இருபது முப்பது ஆண்டுகளாகச் சமைத்துவரும் தள்ளுவண்டிகளிலும் கோப்பிக் கடைகளின் ஓரத்திலும் அது பத்து ரிங்கிட்டுக்குள் கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த வண்டிகள் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை. காலையில் மட்டும் விற்பவர், மதியத்தோடு முடித்துக்கொள்பவர், இருட்டிய பிறகே அடுப்பு மூட்டுபவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு நேரமும், வாரத்தில் தாமே முடிவு செய்துகொண்ட ஓய்வு நாளும் உண்டு. வெயிலும் அப்படித்தான், முற்பகல் பதினொன்று முதல் நான்கு மணி வரை வெளியில் நடப்பது உடலை வருத்தும். ஆகவே ஜார்ஜ் டவுனில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு அலைவதைவிட, சாப்பாட்டு வேளைகளை முதலில் குறித்துக்கொண்டு அவற்றைச் சுற்றி இடங்களை அமைத்துக்கொள்வதே சரியான வழி. இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கில்தான் எழுதப்பட்டுள்ளது.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

பினாங்கில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை, மழைதான் மாறுகிறது. ஜனவரியும் பிப்ரவரியும் ஓரளவு வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. மழைக்காலத்திலும் பெரும்பாலும் சில மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் தெளிந்துவிடும் என்பதால், அந்த மாதங்களை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை.

மழையைவிடக் கவனிக்க வேண்டியவை பண்டிகைகள். சீனப் புத்தாண்டின் முதல் சில நாட்களில் சீன உணவு வண்டிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டிருக்கும். சாப்பாட்டுக்காகச் செல்பவருக்கு அது பெரிய ஏமாற்றம். ரமலான் மாதத்தில் மலாய்க் கடைகள் பகலில் மூடியிருந்தாலும், மாலையில் அமைக்கப்படும் ரமலான் சந்தைகள் தனியே ஒரு விருந்து. தைப்பூசத்தின்போது வெள்ளித் தேரும் தங்கத் தேரும் நகரத்திலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்வதைக் காணப் பெருங்கூட்டம் திரளும். அதைக் காண்பதே நோக்கமாயின் மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே அறையைப் பதிவு செய்துவிட வேண்டும். நோக்கம் அதுவல்லவெனில் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

படி 2: ஆவணங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சுற்றுலாவுக்காக 30 நாட்கள் வரை விசா இன்றி மலேசியாவுக்குள் நுழையும் சலுகை 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. பின்னர் அது 2026 டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. பயணச்சீட்டு வாங்குமுன் அப்போதைய நிலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் குடிநுழைவு அதிகாரி கேட்கக்கூடும் என்பதால் அச்சிட்ட நகல்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இவற்றோடு மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் இதைப் பதிவு செய்யலாம். இதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது. தேடுபொறியில் முதலில் தோன்றும் சில தளங்கள் இதே படிவத்துக்குப் பணம் கேட்கின்றன; பணம் கேட்கும் எந்தத் தளத்திலும் கடவுச்சீட்டு விவரங்களைக் கொடுக்கக் கூடாது.

படி 3: சென்று சேர்தல்

இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியது. பறக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

கோலாலம்பூர் வழியாகச் செல்வது இன்னொரு வழி. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்குச் செல்லும் விமானங்கள் அதிகம் என்பதால் சில நாட்களில் கட்டணம் கணிசமாகக் குறையும். அங்கே கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து இடிஎஸ் மின்தொடர்வண்டியில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வந்து சேரும். நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குச் சென்றுவிடலாம். படகுக் கட்டணம் ஓரிரு ரிங்கிட்தான். இருபது நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படகுப் பயணத்தில் நகர நடுவில் உயர்ந்து நிற்கும் கொம்தார் கோபுரமும் பின்னால் பினாங்கு மலையும் மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்த்தபடி ஊருக்குள் நுழைவது, வேறு எந்த வழியில் வந்தாலும் கிடைக்காத அனுபவம். நேரம் இருப்பவர்களுக்கு நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

விமானத்தில் நேரே வருபவர்கள் பாயான் லெப்பாஸ் நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து நகரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ரேப்பிட் பினாங்கு நிறுவனத்தின் 401ஈ பேருந்து சில ரிங்கிட்டில் கொம்தார் வரை கொண்டுவிடும். ஆனால் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நள்ளிரவில் இறங்குபவரும் இருவர் மூவராக வருபவரும் கிராப் என்னும் கைப்பேசிச் செயலி வழியே அழைக்கும் வாடகை வண்டியைப் பகிர்ந்துகொள்வதே நல்லது. பேருந்தில் ரொக்கமாகக் கொடுத்தால் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள் என்பதால் ஒரு ரிங்கிட் தாள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 4: பணமும் செலவுக் கணக்கும்

ஒரு ரிங்கிட் 20 ரூபாயைச் சற்றுத் தாண்டிய மதிப்பில் உள்ளது; கணக்குக்காக 22 ரூபாய் என வைத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையிலும் லிட்டில் இந்தியாவிலும் உள்ள நாணய மாற்றுக் கடைகளில் மாற்றுவது ஆதாயம். அந்தக் கடைகளில் பல தலைமுறை தலைமுறையாகத் தமிழ் முஸ்லிம்கள் நடத்துபவை. தமிழிலேயே விலை கேட்கலாம். இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு மாற்றுவதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உணவு வண்டிகளில் ரொக்கமே வசதி என்பதால் ஐந்து, பத்து ரிங்கிட் தாள்கள் எப்போதும் கையில் இருக்கட்டும்.

இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு மூன்று இரவும் நான்கு பகலும் தங்குவதாக வைத்துக்கொண்டால், ஒருவருக்கான உள்ளூர்ச் செலவு ஏறக்குறைய இப்படி அமையும். எளிய விருந்தினர் இல்லத்தில் இருவர் அறை இரவுக்கு 100 ரிங்கிட் அளவில் கிடைக்கும். ஒருவர் பங்கு மூன்று இரவுக்கு 150. வெளிநாட்டவர் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் அதோடு பினாங்கு மாநிலத்தின் சிறு கட்டணமும் விடுதியிலேயே செலுத்த வேண்டும். பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் இவை பெரும்பாலும் சேராது என்பதால், ஒருவருக்கு 20 ரிங்கிட் தனியே எடுத்துவைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 40 வீதம் 160. நுழைவுக் கட்டணங்களுக்கு 90. பேருந்து, கிராப், கைப்பேசி அட்டை ஆகியவற்றுக்கு 80. ஆக, 500 ரிங்கிட், அதாவது ஏறத்தாழ 11,000 ரூபாய். விடுதியின் பொதுக்கூடத்தில் ஒரு படுக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் குறையும். சாப்பாட்டுத் தொகையை மட்டும் யாரும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊருக்கு வருவதே அதற்காகத்தான்.

படி 5: தங்குமிடம்

லெபோ சூலியா, லெபோ ஆர்மீனியன், லவ் லேன் ஆகிய தெருக்களைச் சுற்றித் தங்கினால் நகர மையத்தில் எதற்கும் வண்டி தேவைப்படாது. நகருக்கு வெளியே பத்து பெரிங்கி என்னும் கடற்கரையில் மலிவாக ஓர் அறை கிடைக்கிறது என்று அங்கே போனால், மிச்சப்படுத்திய பணம் வண்டிக்கும் மிச்சப்படுத்த முடியாத நேரம் சாலைக்கும் போய்விடும்.

பழைய கடைவீடுகளே இன்று விருந்தினர் இல்லங்களாக மாறியிருக்கின்றன. முன்புறம் குறுகலாகவும் உள்ளே நீண்டும், நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடும் அமைந்த வீடுகள் இவை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுவரை நடைமுறையில் இருந்ததால் உரிமையாளர்கள் இவற்றை இடித்துக் கட்ட முனையவில்லை. அதனால்தான் இவ்வளவு வீடுகள் பிழைத்தன. இத்தகைய வீடுகளில் பதிவு செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாளரம் இல்லாத உள்ளறைகள் பல உண்டு. அறைக்குச் சாளரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மரத்தளம் என்பதால் மேல்மாடிக் காலடி ஓசை கீழே கேட்கும்; மதுக்கூடங்கள் நிறைந்த லவ் லேன் முகப்பு அறைகளில் இரவு இரைச்சலும் உண்டு. உறக்கம் கலையக் கூடாதவர்கள் பின்பக்க அறை கேட்பது நல்லது. மின்செருகி நம் ஊரிலிருந்து வேறுபட்டது. சதுர முனை கொண்ட மூன்று கால் செருகிக்கான மாற்றியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போகலாம்.

படி 6: சாப்பிடும் முறையைத் தெரிந்துகொள்ளுதல்

ஊரைச் சுற்றுவதற்கு முன் கோப்பிக் கடையின் ஒழுங்கைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒரு கூரையின் கீழ் ஐந்தாறு வண்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுடையது. முதலில் ஒரு மேசையைப் பிடித்து அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு விரும்பிய வண்டியிடம் சென்று உணவைச் சொல்லி மேசை எண்ணையும் சொல்ல வேண்டும். தட்டு மேசைக்கு வந்ததும் அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். பானம் மட்டும் கடை உரிமையாளருடையது. அவருடைய ஆள் மேசைக்கு வந்து கேட்பார். பானம் எதுவும் வாங்காமல் உட்கார்ந்தால் சில கடைகளில் சிறு தொகை வசூலிப்பார்கள். இடத்துக்கான வாடகைபோல அது அமைந்திருப்பதால் ஒரு தேநீராவது வாங்கிக்கொள்வதே முறை. கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது இயல்பு.

பானத்துக்கு ஒரு தனி மொழி உண்டு. கோப்பி என்றால் சுண்டிய இனிப்புப் பாலோடு வரும். கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரையோடு. கோப்பி சி என்றால் சர்க்கரை சேர்க்காத சுண்டிய பாலும் சர்க்கரையும். கோசோங் என்று சேர்த்தால் சர்க்கரை வேண்டாம் என்று பொருள். குறைந்த இனிப்புக்கு ‘குராங் மானிஸ்’, காரம் வேண்டாமென்றால் ‘தா மாவ் பெடாஸ்’, பொட்டலம் கட்டித் தர ‘புங்குஸ்’, விலை கேட்க ‘பெராப்பா’. இந்த ஐந்தாறு சொற்களே நான்கு நாட்களுக்குப் போதும்.

சார் குவே தியாவ் இந்த ஊரின் அடையாளம். தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டை, முளைகட்டிய பயறு, சீனப் பூண்டுத்தழை ஆகியவற்றோடு கடுந்தீயில் வதக்குவார்கள். நல்ல சமையற்காரர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கு மேல் வதக்கமாட்டார். பல தட்டுகளுக்குச் சேர்த்து வாணலியில் போட்டால் சூடு இறங்கி, கரியடுப்பின் மணம் ஏறாமல் போய்விடும். ஆகவே இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தால் அதை நல்ல அறிகுறியாகவே கொள்ள வேண்டும். சீனக் கடைகளில் இதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம். பன்றி உண்ணாதவர்கள் ஹலால் முத்திரை உள்ள கடையை நாட வேண்டும்.

அசாம் லக்சா நம் நாக்குக்கு மிக நெருக்கமானது. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்பு மிகுந்த குழம்பாக்கி, தடித்த அரிசி நூடுல்ஸின்மேல் ஊற்றி, புங்கா கந்தான் என்னும் இஞ்சிவகைப் பூவின் மொட்டு, வெள்ளரி, அன்னாசி, புதினா தூவி, கடைசியாக ஒரு கரண்டி கறுத்த இறால் விழுதைச் சேர்ப்பார்கள். புளிக்குழம்பு அறிந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும் என்றாலும், அந்த இறால் விழுதின் வாடை பழக இரண்டாவது கிண்ணம் வேண்டியிருக்கலாம்.

நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்த கொடை. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தடியைக் குறிக்கும் மலாய்ச் சொல். தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளருக்கு விற்றுத் திரிந்த காலத்தின் பெயர் அது. நம் காவடி தூக்கும் அமைப்புத்தான். லெபோ கேம்பல் தெருவில் 1907 முதல் இயங்கும் ஹமீதியா இன்றும் கூட்டத்தோடு நடக்கிறது. சோற்றின்மேல் ஒரே குழம்பை ஊற்றாமல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்வதே இதன் சுவை. ‘குவா சம்பூர்’ என்று கேட்க வேண்டும். தட்டே மிதக்க வேண்டுமென்றால் ‘பாஞ்சிர்’, அதாவது வெள்ளம். கோழியும் வெண்டைக்காயும் முட்டையும் எடுத்தால் 12 முதல் 15 ரிங்கிட்டில் முடியும். பெரிய இறாலையும் மீன் சினையையும் விலை கேட்காமல் எடுத்துவிட்டால் ஒரே தட்டு 40 ரிங்கிட்டைத் தொடும். எடுப்பதற்கு முன் கேட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவை தவிர, காலையில் நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கும், தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றை வாழையிலையில் மடித்த சிறு பொட்டல நாசி லெமாக்கும் ஐந்து ரிங்கிட்டுக்குள் வயிற்றை நிரப்பும். மலேசியாவின் இந்தக் காலை உணவுப் பழக்கத்தை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. நடுப்பகல் வெயிலில் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய செண்டோல் ஒரு கிண்ணம் உயிரை மீட்டுத் தரும். பினாங்கு சாலையை ஒட்டிய லெபோ கெங் குவீ சந்தில் இதற்கென்றே வரிசை நிற்கும்.

சைவ உணவு மட்டும் உண்பவர்கள் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இறைச்சி இல்லாத தட்டிலும் பெலாச்சான் என்னும் இறால் விழுதோ மீன்சாறோ இருக்கக்கூடும். கீரை வதக்கலில்கூட அது உண்டு. அவர்களுக்கு லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்கள் உறுதியான தளம். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். பௌத்த மரபைப் பின்பற்றும் சீன சைவ உணவகங்கள் நகரமெங்கும் உள்ளன. சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் சைவம் உண்பதால் அந்நாட்களில் வகைகள் பெருகும். நூடுல்ஸ் வகைகளின் சைவ வடிவங்கள் பலவற்றை அங்கே சுவைக்கலாம். பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காத கடைகள் உண்டு.

படி 7: முதல் மாலையும் இரண்டாம் நாளும், கால்நடையாக

வந்திறங்கிய அன்று மாலை எதையும் ‘பார்க்க’ முயல வேண்டாம். பையை வைத்துவிட்டு, லெபோ பாசார் வழியாக லிட்டில் இந்தியாவுக்குள் நடந்துவிட்டு, இருட்டியதும் லெபோ சூலியாவின் இரவு வண்டிகளில் ஒரு தட்டு நூடுல்ஸோடு நாளை முடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் விடியும்முன் எழுந்து வெல்ட் கீ கரையில் உள்ள குலத்துறைகளுக்குச் செல்ல வேண்டும். சீனக் குலங்கள் ஒவ்வொன்றும் கடலுக்குள் மரத்தூண் நட்டு எழுப்பிய குடியிருப்புகள் இவை; சியூ குலத்தாருடையது பெரியது. பலர் இங்கே மாலையில் வருகிறார்கள். ஆனால் இந்தக் கரை கிழக்கே பட்டர்வொர்த்தை நோக்கியிருப்பதால், கதிரவன் எழுவதைத்தான் இங்கே காண முடியும். பலகைப் பாதையின் இருபுறமும் மக்கள் வாழும் வீடுகள். அந்த வேளையில் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் வீட்டுக்குள் கேமராவை நீட்டாமல் இருப்பதும் வந்தவர் கடமை.

அங்கிருந்து காலை உணவை முடித்துக்கொண்டு, நகரத்தின் உயிர்நாடியான மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலைக்கு வரலாம். பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இந்தத் தீவில் கால்பதித்த சில பத்தாண்டுகளுக்குள், இந்த ஒரே தெருவை ஒட்டிப் பல சமயத்தாரும் தத்தம் வழிபாட்டிடத்தை அமைத்துக்கொண்டார்கள். வடக்கு முனையில் 1818இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம். அடுத்து ஊதுபத்திப் புகை ஓயாத, கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். பக்கத்துத் தெருவான லெபோ குவீனில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அதன்பின், தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் மொகிதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர்த்த வேளைகளில் பிற சமயத்தாரும் பள்ளிவாசலைப் பார்க்கலாம். உடலை மூடும் அங்கியை வாயிலிலேயே தருவார்கள். லெபோ சூலியாவில் திரும்பினால் நாகூர் தர்காவின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சிறு தர்காவும் நிற்கிறது. இவை எதற்கும் கட்டணம் இல்லை. ஒன்றரை மணி நேரம் நிதானமாக நடந்தால் போதும்.

வெயில் ஏறும்போது உள்ளே செல்லும் இடங்களுக்கு மாறிவிட வேண்டும். கட்டணம் கொடுத்துப் பார்க்கத் தகுந்தவை என்று நான் கருதுபவை இரண்டு. முதலாவது, கூ கொங்சி என்னும் குல மன்றம். முந்தைய கட்டடம் 1901இல் தீக்கிரையானது. பேரரசரின் அரண்மனைக்கு ஈடாகக் கட்டியதால் தெய்வங்கள் சினந்துவிட்டன என்று ஊர் பேசியதாம். 1906இல் எழுந்த இப்போதைய மன்றம் அதைவிடச் சிறியது என்கிறார்கள். கூரையில் நிறைந்திருக்கும் சுதைவேலையைப் பார்ப்பவருக்கு அந்தச் சொல்லை நம்புவது கடினம். இரண்டாவது, லெபோ கெரெஜாவில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகை. சீனத் தந்தை வழியும் உள்ளூர்ப் பண்பாடும் கலந்து உருவான பெரானாக்கான் சமூகத்தின் நகை, பீங்கான், மணிவேலைச் செருப்பு முதலியவற்றை அறை அறையாக வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணத்திலேயே வழிகாட்டியின் விளக்கமும் சேர்ந்திருப்பதால், தனியே சுற்றாமல் அந்தக் குழுவோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.

லெபோ ஆர்மீனியனில் 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சுவரோவியங்கள் உள்ளன. உண்மையான மிதிவண்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அதன்மேல் இரு குழந்தைகளை வரைந்த ஓவியத்தின் முன் எப்போதும் வரிசை நிற்கும். காலை எட்டு மணிக்கு முன் போனால் அமைதியாகப் பார்க்கலாம். தெருவோரக் கடைவீடுகளின் முகப்பில் ‘காக்கி லீமா’ எனப்படும் ஐந்தடிப் பாதை கூரையோடு தொடர்ந்து செல்வதால், வெயிலிலும் மழையிலும் அதன் வழியே நடக்கலாம். மோட்டார் வண்டிகள் அதை அடைத்து நிற்குமிடங்களில் சாலையில் இறங்க நேரும். அப்போது கைப்பையைச் சுவர்ப் பக்கமாக மாட்டிக்கொள்வது பாதுகாப்பு.

மாலையில் வடக்குக் கரையில் உள்ள பாடாங் திடலுக்குச் சென்று காற்று வாங்கலாம். அருகே விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சி நிறைவுக்காக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அறுபதடி உயரத்துக்கு எழுப்பிய மணிக்கூண்டு நிற்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் செல்லக் கட்டணம் உண்டு. வெளியிலிருந்து மதிலைப் பார்த்தாலே போதும். அந்தப் பணத்தை இரவு உணவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 8: மூன்றாம் நாள், மலையும் கோயிலும்

பினாங்கு மலையும் கேக் லோக் சி கோயிலும் ஆயர் ஈத்தாம் பகுதியில் அருகருகே இருப்பதால் ஒரே நாளில் முடிக்க வேண்டும். கொம்தாரிலிருந்து 204ஆம் எண் பேருந்து மலையடிவாரம் வரை செல்லும்.

மலை இரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. 2011இல் புதிய பெட்டிகளோடு மாற்றி அமைத்த பிறகு சில நிமிடங்களில் மேலே கொண்டுசேர்க்கிறது. வெளிநாட்டவருக்கு இருவழிக் கட்டணம் 30 ரிங்கிட். காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து, மேலே ஏற ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றபோது, பள்ளத்தாக்கை மூடும் காலை மூடுபனியும் கலைந்துவிட்டிருந்தது. அதன்பின் நான் வாரநாட்களில் மட்டுமே அங்கே போகிறேன். கூடுதல் கட்டணம் கொடுத்து வரிசையைத் தாண்டும் சீட்டு உண்டு. சீக்கிரம் எழுபவருக்கு அது வேண்டாம். உடல் வலிமை உள்ளவர்கள், தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து செல்லும் ஜீப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஏறிச் செல்லலாம். அதற்குச் செலவே இல்லை. மலையுச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காட்சி மேடையோடு திரும்பிவிடாமல், பழைய மாளிகைகளுக்கிடையே செல்லும் நிழல் பாதைகளில் அரை மணி நேரம் நடந்தால், 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற இந்தக் காட்டின் அணில்களையும் இலைக்குரங்குகளையும் காணலாம்.

முற்பகலில் இறங்கி, ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் அசாம் லக்சா சாப்பிட வேண்டும். இந்தப் பகுதி லக்சாவுக்குப் பேர்போனது. குழம்பு தீர்ந்தால் கடையும் மூடப்படும் என்பதால் இதை மாலைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

கேக் லோக் சி கோயிலின் கட்டுமானம் 1890இல் தொடங்கியது. ஏழடுக்குப் பகோடாவின் அடிப்பகுதி சீன முறையிலும், நடுப்பகுதி தாய்லாந்து முறையிலும், முடி பர்மிய முறையிலும் அமைந்தது. பௌத்தத்தின் வெவ்வேறு மரபுகள் ஒரே கோபுரத்தில் ஏறி நிற்கின்றன. அதற்குச் சயாமின் ஆறாம் ராமா மன்னர் அடிக்கல் நாட்டினார், 1930இல் நிறைவுற்றது. மேலே 30 மீட்டருக்கும் சற்று உயரமான குவான் யின் வெண்கலச் சிலை நிற்கிறது. கோயிலுக்குள் நுழையக் கட்டணமில்லை. பகோடாவுக்கும் சாய்வு மின்தூக்கிக்கும் சிறு தொகை உண்டு. அடிவாரத்துக் கடைத்தெரு வழியாகப் படியேறினால் நிழல் கிடைக்கும். வழியில் ஆமைக்குளமும் வரும்.

சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் சென்றால், கோயில் முழுவதும் பல்லாயிரம் விளக்குகளோடு இரவில் ஒளிரும் காட்சிக்காக இந்த வரிசையை மாற்றி, கோயிலை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற காலங்களில் மாலையோடு மூடிவிடுவார்கள். நகரத்துக்குத் திரும்பிய பின், லோரோங் பாரு தெருவிலோ கர்னி கடற்கரையின் உணவு வளாகத்திலோ இரவு உணவை முடிக்கலாம். கர்னியில் வகைகள் மிகுதி, விலை சற்று உயர்வு. தெருவோரச் சுவை வேண்டுவோர் லோரோங் பாருவுக்குப் போகட்டும். அங்கே நால்வராக அமர்ந்து நான்கு வண்டிகளிலிருந்து ஒவ்வொரு தட்டு வாங்கிப் பகிர்ந்தால், ஆளுக்குப் பதினைந்து ரிங்கிட்டில் சிப்பி ஆம்லெட் உள்பட எல்லாவற்றையும் சுவைத்துவிடலாம். குறித்து வைத்துப் போன கடை அன்று மூடியிருக்கலாம். ஒவ்வொரு உணவுக்கும் இரண்டாவது கடை ஒன்றையும் குறித்துக்கொள்வது நல்லது.

படி 9: கடைசி நாள்

நான்காம் நாள் காலை, குளிர் தணியும்முன் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கும், அதன் வழியில் உள்ள தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கும் போய்வரலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சியிலிருந்து நகரமும் நீரிணையும் ஒருசேரத் தெரியும். பூங்காவில் குரங்குகள் பையைப் பறிக்கும் என்பதால் தின்பண்டத்தை வெளியே எடுக்கக் கூடாது.

ஊருக்கு வாங்கிச் செல்ல ஜாதிக்காயே முதல் தேர்வு. பினாங்கின் பழைய பயிர் அது. விதையை மட்டும் அறிந்த நமக்கு, அதன் சதைப்பற்றை ஊறவைத்துச் சர்க்கரையிட்டு விற்பது புதுமை. பயற்றுப் பூரணம் வைத்த தாம்புன் பிஸ்கட்டைப் பெட்டியாக வாங்கலாம். ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்த்த வகைகளும் உண்டு என்பதால் மூலப்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். பெலாச்சான் கட்டி வாங்குபவர்கள் அதைப் பல அடுக்கு நெகிழிப் பையில் சுற்றி, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியிலேயே வைக்கட்டும்.

பிற்பகல் விமானம் என்றால், அறையைக் காலி செய்துவிட்டு பையை விடுதியிலேயே ஒப்படைத்து, கடைசியாக ஒரு தட்டு நாசி கண்டாருக்கு நேரம் ஒதுக்கலாம். பேருந்தில் விமான நிலையம் செல்பவர்கள் விமானம் புறப்படுவதற்கு நாலரை மணி நேரம் முன்பே கொம்தாரில் ஏறிவிட வேண்டும். மாலை நெரிசல் வேளையாக இருந்தால் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் கிராப் வண்டிக்கான தொகையைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.